முதலில் தேர்ச்சி, பிறகு வாசிப்பு: ஒரு மறுப்பு

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு கருத்து அநேகமாக எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் டியூஷன் வாசலிலும் அதையே கேட்கலாம். பொதுத்தேர்வு என்பது ஒரு வினாத்தாள். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டு, வரக்கூடிய வினாக்களுக்கு விடை தயாரித்துக் கொடுத்து, பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் தேர்ச்சி வந்துவிடும். வாசிப்பு, சொந்த நடை, நூலகம் எல்லாம் நல்லவைதான், ஆனால் இப்போது அவற்றுக்கு நேரமில்லை. முதலில் பிள்ளை பாஸாகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்பவர்கள் பிள்ளைகளின் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். மாலை ஆறு மணிவரை சிறப்பு வகுப்பு எடுத்து, சொந்தப் பணத்தில் ஜெராக்ஸ் போட்டு, வராத பிள்ளையை வீட்டுக்கே போய் அழைத்து வருகிற ஆசிரியர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். அவ்வளவு உழைப்பு இதன் பின்னால் இருப்பதால்தான் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கிறேன். இந்தக் கருத்து தவறு. பிள்ளையின் எதிர்காலத்துக்கு மட்டுமல்ல, அவர்கள் குறிவைக்கும் மதிப்பெண்ணுக்கே அது தவறான வழி. வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பதே தமிழ்த் தேர்வுக்கான தயாரிப்பு. மாதிரி வினாத்தாளும் திருப்புதல் தேர்வும் அந்தத் தயாரிப்பின் கடைசிச் சில வாரங்களுக்கு உரியவை. அவற்றை ஆண்டு முழுவதற்கும், சில பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இரண்டாண்டுக்கும், நீட்டிவிட்டோம்.

வினாத்தாள் என்ன கேட்கிறது?

வினாத்தாளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். சரி, அங்கிருந்தே தொடங்குவோம். பத்தாம் வகுப்புத் தமிழ் முன்பு இரண்டு தாள்களாக இருந்தது. 2019ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு ஒரே தாள், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் 9, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5, எட்டு மதிப்பெண் 3. தேர்ச்சிக்கு 35 வேண்டும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று பள்ளிதோறும் சுற்றுகிற குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. பாடத்தின் பின்னுள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள், மனப்பாடப் பாடல் ஒன்று, அடிக்கடி வருகிற குறுவினாக்கள் கொஞ்சம், ஒரு கடிதம், ஒரு கட்டுரை. எல்லாம் சேர்ந்தால் 35 தேறிவிடும் என்பது திட்டம்.

அதே தாளில் கடிதம், காட்சியைக் கண்டு கவினுற எழுதுதல், படிவம் நிரப்புதல், மொழிபெயர்ப்பு, பொதுக்கட்டுரை ஆகியவற்றின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பாருங்கள். தாளின் கால் பங்கைத் தாண்டும். உரைப்பத்தியைப் படித்து விடை எழுதுவதும் பாடலடிகளைப் படித்து விடை தேர்வதும் இதில் சேரவில்லை. இவையெல்லாம் ஒரு மாணவர் தானே படிக்கிறாரா, தானே எழுதுகிறாரா என்று பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை. ஒரு பக்கத்தைத் தடங்கலின்றிப் படிக்கவும், கேட்டதற்குப் பத்து வாக்கியங்களில் சொந்தமாகப் பதில் எழுதவும் தெரிந்த பிள்ளை, கையேடு எதையும் தொடாமலே இந்தப் பகுதியில் தேர்ச்சிக்கான பெரும்பகுதியை எடுத்துவிடும். கையேட்டை நம்பிய பிள்ளையோ மனப்பாடம் செய்த வினா வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும். எது பத்திரமான வழி என்று நீங்களே சொல்லுங்கள்.

நாம் என்ன செய்கிறோம்? சொந்தமாக எழுத வேண்டிய வினாக்களையும் மனப்பாட வினாக்களாக மாற்றுகிறோம். உணவு விடுதியில் தரமற்ற உணவு தந்ததைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் கடிதம் பாடநூலில் இருக்கிறது. 'மரம் இயற்கையின் வரம்' என்ற கட்டுரைப் போட்டியில் வென்ற நண்பனை வாழ்த்தும் மடலும் இருக்கிறது. இரண்டும் நல்ல பயிற்சிகள். முறையீடு எழுதும் மொழி வேறு, வாழ்த்து எழுதும் மொழி வேறு என்று பிள்ளை உணர வேண்டும் என்பதற்காக வைத்தவை. நாமோ இரண்டுக்கும் விடை எழுதிக் கொடுத்து, அனுப்புநர் முகவரியில் தொடங்கி உறைமேல் முகவரி வரை ஒப்பிக்க வைக்கிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கு எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு முதல் வாக்கியம் வராது.

நயம் பாராட்டலை இன்னும் கெடுத்து வைத்திருக்கிறோம். மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பாடலுக்கும் பொருந்துகிற இரண்டு வரி இலக்கணம் எழுதிக் கொடுக்கிறோம். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. பாடலிலிருந்து ஏதோ இரண்டு சொற்களைப் பொறுக்கி எதிரே எழுதினால் மதிப்பெண். பாடலைப் படிக்காமலேயே அதன் நயத்தைப் பாராட்ட ஒரு தலைமுறையைப் பழக்கிவிட்டோம். காட்சியைக் கண்டு எழுதும் வினாவுக்கும் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி நான்கு வரி தயாராக இருக்கிறது. படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே பிள்ளைக்கு இல்லை.

தமிழாசிரியனாக விடைத்தாள் திருத்தும் மையங்களில் உட்கார்ந்தவன் நான். ஒரே கட்டில் அடுத்தடுத்த தாள்களில் அதே முன்னுரை, அதே உட்தலைப்புகள், அதே மேற்கோள், அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை வருவதைத் திருத்துபவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது நேர்ந்த பிழை அத்தனை பிள்ளைகளின் தாளிலும் ஏறியிருக்கும். அந்தத் தாள்களில் எந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியும், எந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. அளக்கும் கருவியை நாமே மழுங்கடித்துவிட்டு, அது காட்டும் எண்ணைக் கொண்டாடுகிறோம்.

பழக்கமில்லாத தாள் வந்தபோது

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்பை, நம் கையேடுகள் எதற்கும் தெரியாத ஒரு வினாத்தாள் ஒருமுறை சோதித்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி நடத்தும் பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பள்ளியில் படிக்கும் 15 வயதினருக்கான தேர்வு அது. முடிவு 2011இல் வந்தது. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் சுமார் 17 விழுக்காடு. ஓஇசிடி நாடுகளின் சராசரி 81. பட்டியலில் இரு மாநிலங்களும் கடைசி இடங்களில் நின்றன. அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 80 விழுக்காட்டுக்கு மேல்.

வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அன்று சொல்லப்பட்டது. அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. சில வினாக்கள் அந்நியமாக இருந்திருக்கலாம். ஆனால் பிசா பொதுவெளியில் வைத்த வினா ஒன்றைப் பாருங்கள். சுவரில் கிறுக்குவதைப் பற்றி இரண்டு பெண்கள் எழுதிய கடிதங்கள். ஒருவர் அதைக் கண்டிக்கிறார், மற்றவர் அதற்காக வாதாடுகிறார். நீ யாரோடு உடன்படுகிறாய், ஏன் என்று ஒரு வினா. உன் கருத்து எதுவாக இருந்தாலும், எந்தக் கடிதம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஏன் என்று இன்னொரு வினா. இதில் என்ன அந்நியம்? சுவரெழுத்தை நம் பிள்ளைகள் அறிந்த அளவுக்கு உலகத்தில் யார் அறிந்திருப்பார்கள்? அவர்களைத் தடுத்தது சூழல் மட்டுமல்ல. ஒரு பக்கத்தைப் படித்து, அதைப் பற்றித் தனக்கென்று ஒரு முடிவுக்கு வந்து, அதற்குக் காரணம் எழுத யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

அது பழைய கதை, 2018-19 முதல் பாடத்திட்டமே மாறிவிட்டது என்று சொல்வார்கள். பாடநூல்கள் மாறின, நன்றாகவே மாறின. 2017இல் மாநிலத் தரவரிசை வெளியிடுவதையும் அரசு நிறுத்தியது, நல்ல முடிவு. தயாரிப்பு முறை மட்டும் மாறவில்லை. 2022ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழில் தேர்ச்சி பெறவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததே காரணம் என்றார்கள். ஒரு பகுதி உண்மை. ஆனால் கையேடுகள் அப்போது கைப்பேசியில் வந்துகொண்டுதான் இருந்தன. படிக்கத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பாடநூலைத் தாமே படித்திருக்க முடியும். ஆசிரியர் அருகில் நின்று ஒப்பிக்க வைக்காவிட்டால் நிற்காத தேர்ச்சியைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கட்டியிருந்தோம் என்று அந்த ஆண்டு காட்டியது. 2025இல் மொத்தத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. இந்த எண் உயர்ந்திருப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அதற்குள் வாசிப்பு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு கற்பிக்க 'திறன்' என்ற திட்டத்தைக் கல்வித்துறையே தொடங்கியிருக்கிறது. நோய் இருக்கிறது என்று துறையே ஒப்புக்கொண்ட பிறகு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வாதாடுபவர்கள் யாருக்காக வாதாடுகிறார்கள்?

வாசிப்பு எங்கிருந்து வருகிறது?

தேர்வுக்குப் பழக்குவதையே நம்புபவர்களின் வாதத்துக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. வாசித்துப் புரிந்துகொள்வது ஒரு தனித் திறமை. நூறு பத்திகளைக் கொடுத்து மையக்கருத்து என்ன, தலைப்பு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது வளர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது அப்படி வளர்வதில்லை.

அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 64 பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கக் கொடுத்து, அதில் நடந்ததைச் சிறிய மாதிரி ஆடுகளத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்திருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சொல்லப்படும் பொருளைப் பற்றி முன்பே கொஞ்சம் தெரிந்திருப்பதுதான் புரிதலின் பெரும்பகுதி.

நம் ஊரில் வைத்துப் பாருங்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவதையும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராததால் குறுவை பாதிக்கப்பட்டதையும் பற்றி ஒரு பத்தி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைக்குக் குறுவை, கடைமடை என்ற சொற்கள் வீட்டிலேயே புழங்குகின்றன. சொல்லாமல் விட்டதையும் அது சேர்த்தே படித்துவிடும். மாநகரத்தில் வளர்ந்த பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் இடறும். மையக்கருத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அந்தப் பிள்ளைக்கு இந்த இடத்தில் உதவாது. காவிரியைப் பற்றி அது முன்பே எங்காவது படித்திருந்தால் உதவும். ஆகவே அறிவியல், சமூக அறிவியல் பாடங்களைப் புரிந்து படிப்பதும் நாளிதழைப் படிப்பதும் கதைப் புத்தகம் படிப்பதும் தமிழ்த் தேர்வுக்கான நேரடித் தயாரிப்புகள். அவற்றைப் பறித்துக்கொண்டு அந்த நேரத்தில் சிறுதேர்வு வைக்கிறோமே, அப்போது தயாரிப்பைக் குறைக்கிறோம்.

தமிழுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பேசுகிற தமிழ் ஒன்று, எழுத வேண்டிய தமிழ் வேறொன்று. வீட்டில் 'வந்துருச்சு' என்று சொல்லும் பிள்ளை தாளில் 'வந்துவிட்டது' என்று எழுத வேண்டும். வினைமுற்று மாறுகிறது, வேற்றுமை உருபு மாறுகிறது, வாக்கியம் முடியும் விதமே மாறுகிறது. வீட்டில் புத்தகமும் நாளிதழும் இல்லாத பிள்ளையின் காதில் எழுத்துத் தமிழ் விழுவதே அரிது. அது கண் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எங்கே ஒற்று மிகும், எங்கே ணகரம், எங்கே றகரம் என்பதையெல்லாம் விதி சொல்லிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது என்பது ஒவ்வொரு தமிழாசிரியருக்கும் தெரியும். ஆயிரம் பக்கம் படித்த கண்ணுக்குப் பிழையான சொல் உறுத்தும். பத்துப் பக்கக் கையேட்டை மட்டுமே பார்த்த கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. கல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு வாசிப்பு ஆடம்பரம், கையேடுதான் அவசியம் என்கிறார்கள். உண்மை தலைகீழாக இருக்கிறது. புத்தகம் நிறைந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் படிக்காவிட்டாலும் வீட்டில் படித்துவிடும். மற்றப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

மறுபக்கத்தின் வாதங்கள்

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. "தேர்ச்சி இல்லையென்றால் ஐடிஐயின் பல பிரிவுகளிலும் சேர முடியாது, பாலிடெக்னிக்கிலும் சேர முடியாது. பெண் பிள்ளையென்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சான்றிதழ்தான் அவர்களுக்கு வாழ்க்கை. உங்கள் வாசிப்புக் கனவுக்காக அதைப் பணயம் வைக்க முடியாது." இதில் உள்ள பயம் நியாயமானது, அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கிய பிள்ளை அடுத்த நாள் எங்கே போகிறது? பதினொன்றாம் வகுப்பில் பாடநூல் கனக்கிறது, படிக்க முடிவதில்லை. ஐடிஐயில் இயந்திரத்தின் செய்முறைக் குறிப்பைப் படிக்க வேண்டும். அரசு வேலைக்குப் போக நினைத்தால் மறுபடியும் தமிழ்த் தேர்வுதான். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ் கட்டாயம். தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற விடைகள் கணக்கிலேயே வராது. அதன் பாடத்திட்டமும் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் 35 வாங்கிக் கொடுத்து நாம் தாண்ட வைத்த அதே வாசல், சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் துணை இல்லாத ஓர் அறையில் அவர்கள் எதிரே மறுபடி நிற்கிறது. அப்போது பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சொன்ன அந்தப் 'பிறகு' இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது வாதம், மனப்பாடம் நம் மரபு என்பது. மனப்பாடத்துக்கு நான் எதிரியல்லன். குறளையும் கம்பனையும் நெஞ்சில் வைத்திருப்பது ஒரு செல்வம். பத்தாம் வகுப்பில் மனப்பாடப் பாடல் இருப்பது சரிதான். ஆனால் நம் மரபு எதை மனப்பாடம் செய்தது? மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்டபோது அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாக நூல் நூலாகக் கேட்டார். பாட்டைச் சொல்லி, பொருள் கேட்டு, ஐயம் தீர்ந்து அடுத்த பாட்டுக்குப் போகிற முறை அது. வேறு யாரோ எழுதிய கட்டுரைக்கு வேறு யாரோ எழுதிய முன்னுரையை நெட்டுருப் போடுவது அந்த மரபில் எங்கும் இல்லை. மரபின் பெயரைச் சொல்லி இதைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது வாதம் ஆய்வைப் பேசுகிறது. அடிக்கடி தேர்வு எழுதுவது நினைவை வலுப்படுத்தும் என்பது நிறுவப்பட்ட உண்மையாயிற்றே என்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவர்கள் முதலில் அந்தப் பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள். புரிந்ததை மறக்காமல் காக்கச் சிறுதேர்வு உதவும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிப்பைக் கொண்டுவந்து தர அதனால் ஆகாது. இலக்கணத்துக்கும் பாடலுக்கும் சிறுதேர்வு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிப்பு நடக்க வேண்டிய மணி நேரத்தில் அதை உட்கார வைக்காதீர்கள்.

கடைசி வாதம் ஆசிரியரின் நிலைமை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஐம்பது சொந்தக் கட்டுரைகளை எப்போது திருத்துவது? இந்தக் கேள்விக்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பதில் தர முடியாது. துறைதான் பதில் சொல்ல வேண்டும். நூறு விழுக்காடு வந்ததா என்று மட்டும் கேட்கிற மேலதிகாரி, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்கட்டும். கேள்வி மாறினால் வகுப்பறையும் மாறும்.

செய்ய வேண்டியது

மாற்று வழிக்குப் புதிய திட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அன்றாடம் இருபது நிமிடம், பிள்ளை தான் விரும்பிய புத்தகத்தை மௌனமாகப் படிக்கட்டும். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று இருந்தால் அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தானம் செய்ய வேண்டாம். பத்தாம் வகுப்பில் முதலில் பறிபோவது அதுதான், பறிக்கவே கூடாததும் அதுதான். வாசிப்பு இயக்கத்தின் வழியாகப் பள்ளிகளுக்கு வந்த சிறு புத்தகங்கள் எளிமையானவை. அவற்றைப் பீரோவில் பூட்டாமல் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் அதுவே போதுமான தொடக்கம்.

வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதட்டும். நேற்று ஊரில் நடந்தது, படித்த கதையில் பிடிக்காதது, பேருந்து நேரத்தை மாற்றக் கோரி ஒரு மனு. ஐம்பது நோட்டுகளையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டாம். முறைவைத்து வாரம் பத்துப் பேருடையதைப் படித்து, எழுத்துப்பிழையை வட்டமிடுவதற்கு முன்னால், சொன்ன செய்தியைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். தன் எழுத்தை ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்த பிள்ளை அடுத்த வாரம் கூடுதலாக எழுதும்.

பாடநூலில் நூலக உறுப்பினர் படிவம் இருக்கிறது. அதை நிரப்பினால் தேர்வில் மதிப்பெண். உறுப்பினராகாமலே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதை ஆண்டுதோறும் நிரப்பிப் பழகுகிறார்கள். பொது நூலகச் சட்டத்தை 1948லேயே இயற்றிய மாநிலம் இது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் வந்த சட்டம் அது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். அந்தப் படிவத்தைப் பிள்ளைகள் ஒருமுறை கிளை நூலகத்துக்கே போய் உண்மையாக நிரப்பட்டும். அந்த வினா வாழ்நாள் முழுக்க மறக்காது, கையில் உறுப்பினர் அட்டையும் இருக்கும்.

பத்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் 35 மதிப்பெண் கையேட்டைக் கொடுப்பது அவர்களைக் கைவிடுவதற்குச் சமம். அவர்களுக்கு முதலில் எழுத்து வேண்டும். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இவர்களுக்குத் தாமதமாக வந்துவிட்டது. தமிழ் எழுத்துமுறை ஒழுங்கானது. உயிரும் மெய்யும் பிடிபட்டால் உயிர்மெய் தன்னால் திறக்கும். ஜூன் மாதத்திலேயே இந்தப் பிள்ளைகளைக் கண்டறிந்து, வெட்கப்படுத்தாமல், அன்றாடம் அரை மணி நேரம் உடன் உட்கார்ந்து படிக்க வைத்தால், அரையாண்டுத் தேர்வுக்குள் அவர்கள் வினாவைத் தாமே படிக்கும் நிலைக்கு வரலாம். வினாவைப் படிக்க முடிந்த பிள்ளைக்கு விடையின் ஒரு பகுதியாவது எழுத வரும். மனப்பாடம் செய்த விடை எந்த வினாவுக்குரியது என்றே தெரியாமல் எழுதிவிட்டு வருகிற கொடுமை அப்போதுதான் ஒழியும்.

தேர்வின் வடிவமும் தெரிந்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம், எதை முதலில் எழுதுவது, எந்த வினாவில் விருப்பத்தேர்வு உண்டு, எது கட்டாயம் என்பதையெல்லாம் சொல்லித்தர வேண்டும். பிப்ரவரியில் தொடங்கி மூன்று நான்கு வாரங்கள் அதற்குப் போதும். படிக்கவும் எழுதவும் தெரிந்த பிள்ளைக்கு அதற்கு மேல் தேவைப்படாது. தெரியாத பிள்ளைக்கு ஓராண்டு பழக்கினாலும் போதாது.

தேர்வுத்துறைக்கும் ஒரு கோரிக்கை. உரைப்பத்தி வினாவுக்குப் பாடநூலுக்கு வெளியிலிருந்து பத்தி எடுங்கள், அதற்கான மதிப்பெண்ணையும் உயர்த்துங்கள். கடிதமும் கட்டுரையும் பாடநூலில் அச்சான தலைப்பிலேயே திரும்பத் திரும்ப வர வேண்டாம். சொந்தமாக எழுதிய குறையுள்ள விடைக்கு, ஒப்பித்த குறையற்ற விடையைவிடக் குறைவாகப் போடாதீர்கள் என்று திருத்துபவர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். இதைச் செய்தால் முதல் ஆண்டு தேர்ச்சி கொஞ்சம் குறையலாம். அதைத் தாங்கிக்கொள்ளும் துணிவு துறைக்கு வேண்டும். மனப்பாடம் பலிக்காது என்று தெரிந்த அடுத்த நாளே கையேடுகள் செல்லாதவையாகிவிடும். வாசிப்புக்குப் பள்ளியில் தானாக நேரம் கிடைக்கும்.

பத்து ஆண்டுகள் பள்ளியில் இருந்த ஒரு பிள்ளை, தன் தாய்மொழியில் அச்சான ஒரு பக்கத்தைப் படித்து, அதைப் பற்றித் தன் மனத்தில் பட்டதை ஒரு பக்கம் எழுத வேண்டும். இதைவிடக் குறைவாக அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. அதைக் கொடுத்துவிட்டால் 35 தானாக வரும், அதைத் தாண்டியும் வரும். தேர்ச்சியை முதலில் வைத்து வாசிப்பைத் தள்ளிப்போட்ட இத்தனை ஆண்டுகளில் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைத்தன. இந்த ஜூனில் பள்ளி திறக்கும்போது வரிசையை மாற்றுவோம். முதலில் வாசிப்பு. தேர்ச்சி அதன் பின்னால் வரும்.